ரோபோடிக்ஸ் பி.இ. நாலு வருஷம் யூஸ் பண்ணிட்டு எழுதுற ரிவ்யூ

சித்தி பையன் ப்ளஸ் டூ முடிச்சிருக்கான். கவுன்சிலிங்ல சாய்ஸ் ஃபில்லிங் பண்ணணுமாம், "அக்கா ரோபோடிக்ஸ் போடலாமா"ன்னு வாய்ஸ் நோட் அனுப்பியிருந்தான். பதில் சொல்ல ஆரம்பிச்சு நாலு வாய்ஸ் நோட் போயிருச்சு, ஒவ்வொண்ணும் அஞ்சு நிமிஷம், அவன் எதையும் முழுசா கேக்கலன்னு ப்ளூ டிக் பாத்தாலே தெரியுது. சரி எழுதியே போட்டுருவோம், வருஷா வருஷம் யாராச்சும் கேக்கத்தான் போறாங்க, லிங்க் குடுத்துட்டு வேலைய பாக்கலாம்.

மொதல்ல நான் வாங்கின ஐட்டம் என்னன்னு சொல்லிடுறேன். பி.இ. ரோபோடிக்ஸ் அண்ட் ஆட்டோமேஷன், கோயம்புத்தூர் பக்கம் ஒரு அட்டானமஸ் காலேஜ், 2021ல சேந்து 2025ல வெளிய வந்தேன். காலேஜ் பேர் சொல்ல மாட்டேன், தனியா கேட்டாலும் சொல்ல மாட்டேன். அட்டானமஸ்னா சிலபஸ் அவங்களே போட்டுக்குவாங்க, அதனால நான் சொல்ற செமஸ்டர் கணக்கு உங்க காலேஜ்ல அப்படியே இருக்காது, முன்ன பின்ன மாறும். ஆனா வியாதி ஒண்ணுதான்னு மத்த காலேஜ் ஃப்ரெண்ட்ஸ்கிட்ட பேசினதுல தெரிஞ்சுக்கிட்டேன்.

ஸ்டார் கேட்டா அஞ்சுக்கு மூணு. கோர்ஸ்ல இருக்குற சரக்கு நல்ல சரக்குதான். அத அடுக்கி வச்சிருக்குற வரிசைக்குத்தான் ரெண்டு ஸ்டார் கட் பண்ணிருக்கேன்.

வரிசைன்னா என்னன்னு ஒரு கதை சொல்றேன். நாலாவது செம்ல மினி ப்ராஜெக்ட். நாங்க நாலு பேர், ஒரு குட்டி ரோபோ கை செய்யலாம்னு, நாலு எம்.ஜி. 996 ஆர் சர்வோ (சொன்ன கோணத்துக்குத் திரும்பி நிக்கிற சின்ன மோட்டார்), அத ஓட்ட ஆர்டுவினோ ஊனோன்னு ஒரு கன்ட்ரோல் போர்டு, அக்ரிலிக் ஷீட் வெட்டி ஸ்க்ரூ போட்டாச்சு. ஒரு சர்வோவ மட்டும் ஓட்டினா ராஜா மாதிரி ஓடுது. நாலையும் சேத்து ஓட்டினா கை ஒரு தடவ உதறும், போர்டு ரீசெட் ஆகும், திரும்ப மொதல்ல இருந்து. மறுபடி உதறும், மறுபடி ரீசெட். கோடுல தப்புன்னு நெனச்சு ரெண்டு ராத்திரி கோட மாத்திட்டே இருந்தோம். டிலே போட்டோம், எடுத்தோம், லைப்ரரி மாத்தினோம், ஒருத்தன் புது ஆர்டுவினோவே வாங்கிட்டு வந்துட்டான். கடைசியில பாத்தா, அந்த சர்வோ ஒண்ணு லோடுல மாட்டி நின்னா ரெண்டரை ஆம்பியர் கிட்ட இழுக்கும், நாங்க நாலையும் சேத்து லேப்டாப் யு.எஸ்.பி.ல இருந்து வர்ற அரை ஆம்பியர்ல ஓட்டிட்டு இருக்கோம். வோல்டேஜ் விழுது, போர்டு செத்து செத்துப் பொழைக்குது, அவ்வளவுதான் மேட்டர். அப்புறம் தனியா அஞ்சு வோல்ட் எஸ்.எம்.பி.எஸ், அதாவது பவர் சப்ளை, வாங்கி மாட்டினோம், இப்ப ரீசெட் ஆகல, ஆனா கை குளிர் ஜுரம் வந்த மாதிரி நடுங்குது. அதுக்கு இன்னொரு நாள் போச்சு. எஸ்.எம்.பி.எஸ் கிரவுண்டையும் ஆர்டுவினோ கிரவுண்டையும் சேத்துக் கட்டல. ஒரே ஒரு ஒயரு.

இதுல ஜோக் என்னன்னா, இந்த மாதிரி போர்ட வச்சு மெஷின ஓட்டுறதச் சொல்லித் தர்ற எம்பெடெட் சிஸ்டம்ஸ் பேப்பர் எங்களுக்கு அஞ்சாவது செம். அதுல ரெண்டாவது வாரமே சார் போர்டுல எழுதினது பவர் சப்ளை, காமன் கிரவுண்ட். நாலு பேரும் ஒருத்தர் மூஞ்சிய ஒருத்தர் பாத்துக்கிட்டோம். அடிபட்டுக் கத்துக்கிட்டா மறக்காதுன்னு சிலர் சொல்வாங்க, ஒத்துக்குறேன், ஆனா பிராஜெக்ட நாலுல வச்சு அதுக்கு வேண்டிய பேப்பர அஞ்சுல வச்சவங்க அத யோசிச்சு வச்சாங்கன்னு நான் நம்பல.

அதே மாதிரிதான் மேட்ரிக்ஸும். மொத செம்ல மேட்ரிக்ஸ், ஐகன் வேல்யூ எல்லாம் போட்டு மார்க் வாங்கிட்டு சுத்தமா மறந்தாச்சு. எதுக்குப் படிக்கிறோம்னு யாரும் சொல்லல, கேக்கணும்னு எங்களுக்கும் தோணல. அஞ்சாவது செம்ல கைனமேட்டிக்ஸ், அதாவது ரோபோ கை எப்படி நகருதுங்கற கணக்கு, வந்ததும் மொத கிளாஸ்லயே நாலுக்கு நாலு மேட்ரிக்ஸ்ஸ பெருக்கச் சொல்றாங்க. டி.எச். டேபிள்னு ஒண்ணு வரும், 1955ல டெனவிட், ஹார்டன்பெர்க்னு ரெண்டு பேர் போட்ட முறை. ஒவ்வொரு ஜாயின்ட்டுக்கும் நாலே நாலு நம்பர் எழுதினா போதும், தீட்டா, டி, ஏ, ஆல்ஃபா, அத வச்சு கை நுனி எங்க இருக்குன்னு கண்டுபிடிச்சுரலாம். அழகான விஷயம், உண்மையிலயே. ஆனா அதுல ரெண்டு வகை இருக்கு, ஒண்ணு பழசு, இன்னொண்ணு மாடிஃபைடு, ஃப்ரேம (அளக்குறதுக்கான அச்ச) லிங்க்கோட (ரெண்டு ஜாயின்ட்டுக்கு நடுவுல இருக்குற துண்டோட) எந்தப் பக்கம் ஒட்ட வைக்கிறதுங்கறதுல வித்தியாசம். நான் கிளாஸ் நோட்ஸ் ஒரு வகையிலயும் யூடியூப் வீடியோ இன்னொரு வகையிலயும் பாத்துட்டு ஒரே ரோபோவுக்கு ரெண்டு விடை வெச்சுக்கிட்டு ஒரு வாரம் முழிச்சேன். ரெண்டு டேபிளும் சரி, ஒண்ணோட டேபிள இன்னொண்ணோட மேட்ரிக்ஸ்ல போட்டதுதான் தப்பு. இப்பப் படிக்கிறவங்க நோட்டுல மொத பக்கத்துலயே எந்த வகைன்னு எழுதி வச்சுக்கங்க.

பரீட்சையில என்ன வரும்னா ரெண்டு லிங்க் பிளேனார், அதாவது ஒரே தளத்துல ஆடுற ரெண்டு துண்டு கை, பெரிய மனசு இருந்தா மூணு லிங்க். ஆறு ஆக்ஸிஸ் ரோபோவ கையில போட்டா பதிமூணு மார்க் கேள்விக்குள்ள முடியாதுல்ல, அதனால. பாதி பேரு ரெண்டு லிங்க்க மனப்பாடம் பண்ணியே பாஸ் பண்ணிட்டாங்க. நான் சொல்றது அவங்கள கொறை சொல்லி இல்ல, நானும் கன்ட்ரோல் சிஸ்டம்ஸ (மெஷின நெனச்ச மாதிரி ஓட்டி நிறுத்துற கணக்கு) அப்படித்தான் தாண்டினேன். செமிலாக் ஷீட்ல போடே பிளாட்ங்கற கிராஃப கண்ண மூடிட்டு வரைவேன், ஒரு மோட்டார ஒழுங்கா நிறுத்தச் சொன்னா தெரியாது. ஆறாவது செம் லீவுலதான் என்கோடர் (எவ்வளவு சுத்துச்சுன்னு சொல்ற சென்சார்) வச்ச ஒரு சின்ன மோட்டார் வாங்கி பி.ஐ.டி., அதாவது எவ்வளவு தப்புதுன்னு பாத்துப் பாத்துத் திருத்துற கோடு, எழுதிப் பாத்தேன். அதுல பி-ய, அதாவது தப்புக்கு ஏத்த மாதிரி தள்ளுற அளவ, ஏத்த ஏத்த மோட்டார் நிக்க வேண்டிய எடத்த தாண்டிப் போய் திரும்பி வந்து ஊஞ்சல் ஆடுறத கண்ணால பாத்தப்பதான் ரூட் லோகஸ்னு நாலு மாசம் எதப் பத்திப் பேசினாங்கன்னே புரிஞ்சுது.

லேப் பத்திச் சொல்லியாகணும். எங்க காலேஜ்ல இண்டஸ்ட்ரியல் ரோபோ ஒண்ணு இருந்துச்சு. ஒண்ணே ஒண்ணு. அறுபது பேருக்கு. வேலி போட்டு, உள்ள பளபளன்னு, விசிட்டர்ஸ் வந்தா மட்டும் ஆன் பண்ணுவாங்கன்னு ஒரு வதந்தி, முழுப் பொய்யும் இல்ல. எனக்கு டீச் பெண்டன்ட், அதாவது ரோபோவ கையால ஓட்டுற ரிமோட், கையில கெடைச்சது மொத்தம் நாலு வருஷத்துல ஒரு நாப்பது நிமிஷம் இருக்கும். ஆனா அந்த நாப்பது நிமிஷம் சத்தியமா வொர்த். பெண்டன்ட் பின்னாடி ஒரு சுவிட்ச் இருக்கும், லேசா அமுக்கிப் புடிச்சாதான் ரோபோ நகரும், விட்டாலும் நிக்கும், பயந்து போய் இறுக்கிப் புடிச்சாலும் நிக்கும். மனுசன் பயந்தா கைய விடுவான்னு மட்டும் நெனைக்காம, இறுக்கவும் செய்வான்னு யோசிச்சு செஞ்சிருக்காங்க பாருங்க. மேனுவல் மோட்ல ரோபோ கை நுனி செகண்டுக்கு 250 மில்லிமீட்டருக்கு மேல போகாது. நான் நேர்கோட்டுல நகத்தலாம்னு ஜாக் பண்ணிட்டே இருந்தேன், திடீர்னு எரர் அடிச்சு நின்னுருச்சு. அஞ்சாவது ஜாயின்ட் ஜீரோ பக்கம் வந்து நாலாவதும் ஆறாவதும் ஒரே கோட்டுல நின்னா ரோபோவுக்கு என்ன பண்றதுன்னு தெரியாது, அதுக்குப் பேருதான் சிங்குலாரிட்டி. கிளாஸ்ல ஜக்கோபியன் (ஜாயின்ட் வேகத்த நுனி வேகமா மாத்துற மேட்ரிக்ஸ்) டிட்டர்மினன்ட் ஜீரோன்னு எழுதினேன்ல, அது இதுதான். எனக்குப் பின்னாடி லைன்ல நின்ன பையன் "சீக்கிரம் குடு"ன்னு கத்துறான், நான் அங்கயே நின்னு பாத்துட்டு இருக்கேன்.

இப்ப எலக்டிவ், அதாவது நாமளே தேர்ந்தெடுக்குற பேப்பர். இந்தக் கோர்ஸோட உயிரே இங்கதான் இருக்கு, யாரும் சேரும்போது இதப் பத்தி மூச்சு விட மாட்டாங்க. ரோபோடிக்ஸ்ங்கறது மெக்கானிக்கல்ல கொஞ்சம், எலக்ட்ரிகல்ல கொஞ்சம், கம்ப்யூட்டர்ல கொஞ்சம் எடுத்து ஒரே இலையில வச்ச மாதிரி. கோர் பேப்பர் மட்டும் படிச்சுட்டு வெளிய வந்தா ஆத்துல ஒரு கால் சேத்துல ஒரு கால், மூணாவது கால் இருந்திருந்தா அதையும் எங்கயாச்சும் விட்டிருப்போம். மெக்கானிக்கல் வேலைக்குப் போனா மெக்கானிக்கல் படிச்சவன் முன்னாடி நிப்பான், சாஃப்ட்வேருக்குப் போனா சி.எஸ்.காரன். இத சரி பண்றதுக்குன்னே அந்த அஞ்சாறு எலக்டிவ் ஸ்லாட் இருக்கு. அதுல ஒரு பக்கமா சாஞ்சே ஆகணும்.

எங்க கிளாஸ்ல எலக்டிவ் எப்படி எடுத்தாங்க தெரியுமா? ராத்திரி எட்டு மணிக்கு கூகுள் ஃபார்ம் வரும், வாட்ஸாப் குரூப்ல "எதுல இன்டர்னல் மார்க் அள்ளிப் போடுவாங்க"ன்னு ஒருத்தன் கேப்பான், ஒருத்தன் பதில் சொல்வான், எட்டு இருபதுக்குள்ள நாப்பது பேரு அதையே போட்டிருப்பாங்க. நான் மெஷின் விஷன், அதாவது மெஷின் கேமராவால பாத்துப் புரிஞ்சுக்குறதப் பத்தின பேப்பர், போட்டேன். பதினஞ்சு பேர் சேந்தாதான் அந்தப் பேப்பர் ஓடும், சேந்தது பதினொண்ணு. கேன்சல். என்ன ஏதுன்னு கேக்காம எங்கள தூக்கி மெயின்டெனன்ஸ் இன்ஜினியரிங்ல போட்டாங்க. அந்த பேப்பர் மோசம்னு சொல்லல, இப்ப வேலையில அதுல படிச்ச ரெண்டு விஷயம் உதவுது கூட, ஆனா நான் காசு குடுத்து கேட்ட தோசை அது இல்ல.

அப்பதான் ஒரு சீனியர் அக்கா, ஹாஸ்டல் மெஸ்ல உக்காந்து, "நீ சிலபஸ முன்னாடி இருந்து படிக்கிற, பின்னாடி இருந்து படி"ன்னு சொன்னாங்க. அதாவது ஃபைனல் இயர் ப்ராஜெக்ட் என்ன பண்ணப் போறேன்னு மொதல்ல முடிவு பண்ணு, அதுக்கு என்னென்ன தெரியணும்னு எழுது, ஒவ்வொண்ணும் எந்த செம்ல வருதுன்னு பாரு, வராதத எங்க படிப்பேன்னு பாரு. வீட்டுக்குப் போனப்ப அப்பாவோட தறிக்கூடத்து தினத்தாள் காலண்டர் பழசு கெடந்துச்சு, அந்த பெரிய அட்டையோட பின்பக்கம் பூரா அம்புக்குறி போட்டேன். கேமராவால பாத்து பொருள எடுத்து வைக்கிற ரோபோ கைன்னு நடுவுல எழுதி, அதுல இருந்து விஷன், அதுக்குக் கீழ பைத்தான், அதுக்குக் கீழ மேட்ரிக்ஸ், இந்தப் பக்கம் கைனமேட்டிக்ஸ், அந்தப் பக்கம் மோட்டார் கன்ட்ரோல். அப்பா பாத்துட்டு "என்ன கண்ணு, பாவு ஓட்டுற பிளானா"ன்னு கேட்டாரு. கிட்டத்தட்ட அதேதான், எந்த நூலு மொதல்ல போகணுங்கறதுதான் இங்கயும் பிரச்சன.

போட்டு முடிச்சப்ப தெரிஞ்சுது, எனக்கு வேண்டியதுல மூணுல ஒரு பங்கு காலேஜ் சிலபஸ்லயே இல்ல, இன்னொரு பங்கு ரொம்ப லேட்டா வருது.

இல்லாததுக்கு நான் போன எடம் என்.பி.டெல்ங்கற ஆன்லைன் கோர்ஸ் தளம். இதுக்கு தனியா அஞ்சு ஸ்டார். ஐ.ஐ.டி.யும் ஐ.ஐ.எஸ்சி.யும் சேந்து 2003ல ஆரம்பிச்சது, வீடியோ பாக்குறது ஃப்ரீ, சர்டிஃபிகேட் வேணும்னா மட்டும் பரீட்சைக்கு காசு கட்டணும், நான் எழுதினப்ப ஆயிரம் ரூபா. ஐ.ஐ.டி. மெட்ராஸ்ல இருந்து இன்ட்ரொடக்ஷன் டு ரோபோடிக்ஸ்னு ஒரு கோர்ஸ், மூணு ப்ரொஃபசர் சேந்து எடுத்தது. அசோகன் சார் கைனமேட்டிக்ஸ், கிருஷ்ணா வாசுதேவன் சார் மோட்டார் டிரைவ், ரவீந்திரன் சார் ரோபோ தான் எங்க இருக்கோம்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது, வழி எப்படிப் போடுறதுன்னு. என் காலேஜ்ல மூணு தனித்தனி செமஸ்டர்ல மூணு தனித்தனி பேப்பரா ஒண்ணுக்கொண்ணு சம்பந்தமே இல்லாத மாதிரி வந்தது இங்க ஒரே கோர்ஸ்ல வரிசையா வந்துச்சு. அத மூணாவது செம்லயே பாத்திருந்தா எவ்வளவோ நல்லா இருந்திருக்கும், நான் அஞ்சுல பாத்தேன். பைத்தானுக்கு சென்னை மேத்தமேட்டிகல் இன்ஸ்டிட்யூட் மாதவன் முகுந்த் சார் கோர்ஸ், எட்டு வாரம், கோடிங் அசைன்மென்ட் எல்லாம் கழுத்தப் புடிக்கும், ஆனா முடிச்சீங்கன்னா கோடு எழுதறதுல பயம் போயிரும்.

பிளான் பண்றவங்களுக்கு கணக்கு சொல்லிடுறேன். பன்னெண்டு வாரக் கோர்ஸ் மூணு கிரெடிட், எட்டு வாரம் ரெண்டு, நாலு வாரம் ஒண்ணு. ஜனவரியிலயும் ஜூலையிலயும் ஆரம்பிக்கும். மார்க்ல 25 அசைன்மென்ட்டுக்கு, 75 நேர்ல போய் எழுதுற பரீட்சைக்கு. பன்னெண்டு அசைன்மென்ட்ல நல்லா வந்த எட்டத்தான் எடுப்பாங்க, அதனால ஒரு வாரம் காய்ச்சல்ல படுத்தாலும் பரவால்ல. யு.ஜி.சி. 2021ல போட்ட விதிப்படி ஒரு செமஸ்டர் பேப்பர்ல 40 சதவீதம் வரைக்கும் ஸ்வயம் (என்.பி.டெல் கோர்ஸும் ஓடுற அரசாங்க ஆன்லைன் தளம்) வழியா படிச்சு கிரெடிட் வாங்கலாம், ஆனா உங்க காலேஜ் எத ஏத்துக்கும், எத்தன கிரெடிட் ஏத்துக்கும்னு எச்.ஓ.டி.கிட்ட எழுத்துல கேட்டு வாங்கிக்கங்க. எழுத்துலன்னா எழுத்துலதான். என் ஃப்ரெண்டு வாய் வார்த்தைய நம்பி ஒரு கோர்ஸ் முடிச்சான், நல்ல மார்க்குக்குத் தர்ற எலைட் சர்டிஃபிகேட் வேற, கடைசியில அந்த எலக்டிவுக்கு மேட்ச் ஆகலன்னு சொல்லிட்டாங்க, ரெண்டு வேலை பாத்து ஒரு கூலி வாங்கின கதை ஆச்சு. அப்புறம் பரீட்சை தேதியையும் காலேஜ் மாடல் எக்ஸாம் தேதியையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாத்துட்டு ரெஜிஸ்டர் பண்ணுங்க.

லேட்டா வர்றதுக்கு என்ன பண்றது? மெஷின் விஷன் மறுபடி அடுத்த செம்ல லிஸ்ட்ல வந்துச்சு. இந்தத் தடவ நான் ஃபார்ம் வர்றதுக்கு ஒரு வாரம் முன்னாடியே கார்ப்பரேஷன் எலக்ஷன் மாதிரி ரூம் ரூமா போய் ஓட்டு கேட்டேன். பாய்ஸ் ஹாஸ்டலுக்கு ஏஜென்ட் வச்சோம். இன்டர்னல் கஷ்டம்னு சொன்னவங்களுக்கு "நோட்ஸ் நான் தர்றேன்"னு வாக்குறுதி வேற, அத நிறைவேத்தவும் செஞ்சேன், அரசியல்வாதி இல்லல்ல. பதினெட்டு பேர் சேந்தாங்க. பேப்பர் ஓடுச்சு.

ராஸ், அதாவது ரோபோவுக்கு ப்ரோக்ராம் எழுத உதவுற சாஃப்ட்வேர், அதப் பத்தி ரெண்டு வரி. எங்களுக்கு லேப்ல சொல்லிக் குடுத்தது ராஸ் ஒண்ணு, அதுல நொயெட்டிக்ங்கற வெர்ஷன், உபுண்டு (லினக்ஸ்) 20.04 மேல. நாங்க பாஸ் அவுட் ஆன அதே 2025 மே மாசம்தான் நொயெட்டிக்குக்கும் கடைசி மாசம், அதோட சப்போர்ட் நின்னுருச்சு. சிமுலேஷனுக்கு ஓட்டின பழைய கெஸீபோ சாஃப்ட்வேருக்கு சப்போர்ட் அதுக்கும் முன்னாடியே ஜனவரியில போயிருச்சு. நீங்க இப்ப சேந்து உங்க காலேஜ் இன்னும் அதையே நடத்தினா அதுல பாஸ் மார்க் வாங்கிட்டு, ரூம்ல ராஸ் டூவுல ஹம்பிள் வெர்ஷனோ ஜாஸி வெர்ஷனோ போட்டு ஓட்டிப் பழகுங்க. நோட், டாபிக், சர்வீஸ்னு ப்ரோக்ராம்கள் ஒண்ணோட ஒண்ணு பேசிக்கிற அடிப்படையெல்லாம் ரெண்டுலயும் ஒண்ணுதான், பயப்பட வேணாம், கமாண்டும் பில்ட் பண்ற விதமும் மாறும். லேப்டாப் பதினாறு ஜி.பி. ராம் இல்லாம வாங்காதீங்க, அப்பாவ கெஞ்சியாச்சும் வாங்குங்க, எட்டு ஜி.பி.ல சிமுலேஷன் ஓட்டினா ரோபோ தறி கெட்டு ஓடாது, ஓடவே ஓடாது.

வெளிநாட்டுல எப்படின்னு ஒரு தடவ தேடிப் பாத்து வயிறெரிஞ்சேன். அமெரிக்காவுல டபிள்யூ.பி.ஐ.ன்னு மாசசூசெட்ஸ்ல ஒரு யுனிவர்சிட்டி, அந்த நாட்டுலயே மொதல்ல ரோபோடிக்ஸ்ல யு.ஜி. டிகிரி ஆரம்பிச்சது அங்கதான், 2007ல. அவங்க கோர் பேப்பர் பேரப் பாருங்க, யுனிஃபைடு ரோபோடிக்ஸ் ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு. ஒண்ணுல ரோபோவ நகத்துறது, ரெண்டுல அது உணர்றது, மூணுல கையால வேலை செய்யிறது, நாலுல எடம் விட்டு எடம் போறது. மெக்கானிக்கல், எலக்ட்ரிகல், ப்ரோக்ராமிங்னு டிபார்ட்மென்ட் வாரியா பிரிக்காம ரோபோ என்ன செய்யுதோ அத வச்சுப் பிரிச்சிருக்காங்க, ஒவ்வொண்ணுலயும் லேப் உண்டு. எங்க சிலபஸ்ல எந்தெந்த டிபார்ட்மென்ட் சாருக்கு எத்தன பீரியட் ஃப்ரீன்னு பாத்துப் பிரிச்ச மாதிரி இருக்கும். இது என் சந்தேகம்தான்.

வேலை பத்திக் கேப்பீங்க. நான் இப்ப கோயம்புத்தூர்ல ஸ்பெஷல் பர்ப்பஸ் மெஷின் (ஒரு வேலைக்குன்னே கட்டுற மெஷின்) செய்யிற ஒரு சின்ன கம்பெனில இருக்கேன். இன்டர்வியூல டி.எச். டேபிள் யாரும் கேக்கல. பெரிய மோட்டார ஸ்டார்ட் பண்ற ஸ்டார் டெல்டா ஸ்டார்ட்டர் வரைன்னாங்க. பி.என்.பி. சென்சாருக்கும் என்.பி.என். சென்சாருக்கும் வித்தியாசம் கேட்டாங்க. அது எனக்குத் தெரிஞ்சது கிளாஸ்ல இல்ல, அப்பா தறிக்கூடத்துக்கு வர்ற எலக்ட்ரீஷியன் அண்ணன்கிட்ட. "பாப்பா, பி.என்.பி.ன்னா சென்சார் அடிச்சதும் அவுட்புட்ல இருபத்திநாலு வோல்ட்ட குடுக்கும், என்.பி.என்.னா ஜீரோவுக்கு இழுக்கும், பி.எல்.சி. (மெஷின ஓட்டுற கன்ட்ரோலர்) இன்புட் கார்டு எதுக்கு ஒயரிங் பண்ணிருக்குன்னு பாக்காம மாட்டினா நாள் பூரா சென்சார் மேல பழி போடுவ"ன்னு சொன்னாரு. அப்படியே சொன்னேன், இன்டர்வியூ எடுத்தவரு சிரிச்சுட்டாரு. நம்ம ஊருல ஆட்டோமேஷன் வேலைன்னா இன்னும் பி.எல்.சி.தான் பெரும்பாலும், அதுக்கு ப்ரோக்ராம் எழுதுற லேடர் லாஜிக் தெரியாம வெளிய வராதீங்க. கேமராவும் கைனமேட்டிக்ஸும் எனக்கு உதவினது சேந்து எட்டு மாசம் கழிச்சு, ஒரு கஸ்டமர் விஷன் வச்ச பிக் அண்ட் பிளேஸ் கேட்டப்ப. அந்த காலண்டர் அட்டை ப்ராஜெக்ட்தான், அப்படியே வந்து நின்னுச்சு.

மேல படிக்கப் போறவங்களுக்கு ஒண்ணு, கேட் பரீட்சையில ரோபோடிக்ஸ்னு தனிப் பேப்பர் கெடையாது. மெக்கானிக்கல், எலக்ட்ரிகல், இன்ஸ்ட்ருமென்டேஷன், கம்ப்யூட்டர்னு ஏதாச்சும் ஒண்ணுலதான் உக்காரணும். அதையும் மூணாவது வருஷத்துக்குள்ள முடிவு பண்ணி அந்தப் பக்கமா எலக்டிவ் எடுங்க. எங்க செட்ல ஒருத்தி கடைசி வருஷம் முடிவு பண்ணிட்டு தெர்மோடைனமிக்ஸ தனியா உக்காந்து மொதல்ல இருந்து படிச்சா, பாவம்.

சேர்றதுக்கு முன்னாடி செய்ய வேண்டியது ஒண்ணே ஒண்ணு. காலேஜ் வெப்சைட்ல சிலபஸ் பி.டி.எஃப். இருக்கும், அத எறக்குங்க. ஒவ்வொரு பேப்பருக்கும் நேரா எல், டி, பி, சின்னு நாலு காலம் இருக்கும். எல் கிளாஸ், டி டுடோரியல், பி ப்ராக்டிகல் மணி நேரம், சி கிரெடிட். தியரி ஒரு மணிக்கு ஒரு கிரெடிட், லேப்ல ரெண்டு மணிக்கு ஒரு கிரெடிட். அந்த பி காலத்த மட்டும் மேல இருந்து கீழ கூட்டிப் பாருங்க, எட்டு செமஸ்டருக்கும், கடைசி ப்ராஜெக்ட கழிச்சுட்டு. ரெண்டு மூணு காலேஜுக்கு கூட்டிப் பாத்தீங்கன்னா எவன் ரோபோடிக்ஸ் நடத்துறான், எவன் ரோபோடிக்ஸ்னு பேர் மட்டும் வச்சிருக்கான்னு நாப்பது நிமிஷத்துல தெரிஞ்சுரும். அப்புறம் எலக்டிவ் லிஸ்ட். முப்பது பேப்பர் போட்டிருப்பாங்க, அசந்துராதீங்க, போன வருஷம் அதுல எது எது ஓடுச்சுன்னு அங்க படிக்கிற பசங்ககிட்ட கேளுங்க. ஹோட்டல் மெனு மாதிரிதான், கேட்டா "இல்லீங்க, இட்லி பொங்கல்தான் இருக்கு"ம்பாங்க.

சொந்தமா கைய வச்சு எதையாச்சும் கழட்டிப் பாக்குற ஆளுக்கு இந்தக் கோர்ஸ் தாராளமா செட் ஆகும். குடுக்கிறதப் படிச்சுட்டு மார்க் வாங்கிட்டு போற டைப்புன்னா, தப்பு ஒண்ணும் இல்ல, மெக்கானிக்கலோ இ.சி.இ.யோ எடுத்துட்டு இதுல மைனர் பண்ணிக்கலாம், பல காலேஜ்ல பதினெட்டு கிரெடிட் கூடுதலா படிச்சா மைனர் டிகிரி குடுக்குறாங்க.

இவ்வளவையும் டைப் பண்ணி சித்தி பையனுக்கு அனுப்பிட்டு, நீ பாத்து வச்சிருக்குற காலேஜோட சிலபஸ் பி.டி.எஃப். அனுப்புடா, நானே கூட்டிப் பாத்துச் சொல்றேன்னு கேட்டேன். அரை மணி நேரம் கழிச்சு அனுப்பியிருக்கான். சிலபஸ் இல்ல, கலர் பிரோஷர். மொத பக்கத்துல ஒரு ரோபோ, பக்கத்துல ஹெல்மெட் போட்ட ஒரு பொண்ணு பல்லெல்லாம் தெரிய சிரிச்சுட்டு நிக்குது, டீச் பெண்டன்ட்ட தலைகீழா புடிச்சிருக்கு.